ஐ.பி. அட்ரஸை மாத்திக் குடுங்க

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பை அந்த மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விடுங்க. அந்தப் பக்கம் பொது இடம். அதுக்கு ஒரு சர்க்குலர் இருக்கு, நான்தான் போட்டேன். மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, மூச்சு வாங்குது, உக்காருங்க. லிஃப்ட்டு பதினொண்ணுலேருந்து நாலு வரைக்கும் ஓடாது. கெட்டுப்போகல, நிறுத்தி வச்சிருக்கோம். மெஷினுக்கும் ஓய்வு வேணுமில்ல? அதுக்கும் ஒரு சர்க்குலர்.

கம்ப்ளெயிண்ட்டா? நெட்டு நல்லாத்தான் வருது தம்பி. ஸ்பீடு, சிக்னல் எதுலயும் குறை இல்ல. என் ஐ.பி. அட்ரஸை மட்டும் மாத்திக் குடுங்க. இப்ப இருக்கறது பேர் கெட்டுப்போச்சு. என்ன அப்படிப் பாக்குறீங்க? விஷயத்தைக் கேட்டுட்டு அப்புறம் சிரிங்க.

என் பேரு தாயுமானவன். கீழ போர்டுல பாத்திருப்பீங்க, அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர்னு. பதினோரு வருஷமா நான்தான். வருஷா வருஷம் எலெக்‌ஷன் வைக்கிறோம், யாரும் எதிர்த்து நிக்கறதில்ல. அவ்வளவு நம்பிக்கை. அதுக்கு முன்னாடி முப்பத்தோரு வருஷம் கவர்மெண்ட் ஆபீஸ்ல தபால் பிரிவு. உள்ள வர்ற கடுதாசிக்கு நம்பர் போடணும், வெளிய போறதுக்கு நம்பர் போடணும். அனுப்புனர் முகவரி இல்லாத மனுவை நான் பிரிச்சுப் படிச்சதே கிடையாது. ஒரு ஆள் யாருன்னு தெரிஞ்சுக்க அவன் என்ன சொல்றான்னு கேக்கவே வேண்டாம் தம்பி, எங்கேருந்து சொல்றான்னு பாத்தா போதும். இது என் சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டது.

சௌந்தரம்! தம்பிக்கு ஒரு காபி போடு!

அவ உள்ள துணி மடிச்சு வச்சுக்கிட்டு இருக்கா. மாயவரத்துல தங்கச்சி வீட்டுக்குப் போறா. ஏதோ விசேஷம்னு சொன்னா. என்ன விசேஷம்னும் சொன்னா, எனக்குத்தான் மனசுல நிக்கல. மோடம் அங்க டிவிக்குப் பின்னாடி இருக்கு. நீங்க பாட்டுக்குப் பாருங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன்.

போன வருஷம் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் போட்டோம். பதினாறு வீட்டுக்கு வெப்சைட் எதுக்குன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. இந்த உறையூர்ல வேற எந்த அபார்ட்மெண்ட்டுல இருக்குன்னு கேட்டேன், வாயை மூடிக்கிட்டாங்க. அதுல ஒரு புகார்ப் பெட்டி வச்சேன். பேர் போட வேண்டாம், வீட்டு நம்பர் வேண்டாம், மனசுல இருக்கறத எழுதலாம். முழு சுதந்திரம். ஆனா சைட்டு பண்ணிக் குடுத்தவனைத் தனியா கூப்பிட்டு, எழுதினது யாருன்னு எனக்கு மட்டும் தெரியற மாதிரி ஏதாவது வழி இருக்கான்னு கேட்டேன். அவன் சொன்னான், "பேர் தெரியாது சார். ஆனா நெட்டுல எது வந்தாலும் ஒரு ஐ.பி. அட்ரஸ்லேருந்துதான் வரும். அந்த நம்பர் இருந்தாத்தான் பதில் சரியா அந்த இடத்துக்கே திரும்பிப் போகும். தபால் மாதிரிதான் சார். புகாருக்கு அடியில அதை உங்களுக்கு மட்டும் காட்டுறேன்." தபால் மாதிரின்னு அவன் சொன்னதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நம்ம பிரிவை இன்னும் மூடலன்னு தோணுச்சு.

ஆனி மாசம் முதல் புகார் வந்தது. அச்சடிச்சு வச்சிருக்கேன், இந்த ஃபைல்ல பாருங்க. "மதியம் லிஃப்ட் நிறுத்தப்படுவதால் முழங்கால் வலி உள்ளவர்கள் மூன்று மாடி ஏற வேண்டியிருக்கிறது. பிசியோதெரபிக்குப் போய்த் திரும்பும் நேரம் அதுதான். தயவு செய்து பரிசீலிக்கவும்." அடியில நம்பர். 203.0.113.47. நாலு துண்டு, நடுவுல மூணு புள்ளி.

மூணே நிமிஷத்துல பதில் போட்டேன். "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. விதி அனைவருக்கும் பொது. படி ஏறுவது உடலுக்கு நல்லது. கோரிக்கையை ஏற்க இயலாது. மனு முடித்து வைக்கப்படுகிறது." எங்க ஆபீஸ்ல இதுக்கு மூணு மாசம் ஆகும்.

இது தப்பா, சொல்லுங்க? என் வீட்டுக்காரிக்கே ரெண்டு முழங்காலும் தேஞ்சிருக்கு. படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அவளே திங்கள், வியாழன் தெரபிக்குப் போயிட்டு மதியம் ஒரு மணிக்கு ஏறித்தான் வர்றா. செகரட்டரி பொண்டாட்டியே ஏறுறா, இந்த மகாராஜாவுக்கு என்ன வந்தது? அவ ஒரு வார்த்தை சொன்னதில்ல. இல்ல, சொன்னா. சாப்பிடறப்ப, நியூஸ் ஓடிக்கிட்டு இருக்கறப்ப நாலஞ்சு தடவை சொன்னா. அதெல்லாம் வீட்டுப் பேச்சு தம்பி. எழுதிக் குடுத்தாத்தானே அதுக்குப் பேரு மனு?

பதினஞ்சு நாள்ல அடுத்தது வந்தது. ரெண்டாவது மாடிப் படிக்கட்டுத் திருப்பத்துல ஒரு நாற்காலி கிடந்தது. ரெண்டு பி-ல இருக்கற ஃபெலிக்ஸ் போட்டது. காலேஜ் வாத்தியார், வாடகைக்கு இருக்கான். ஏன் போட்டேன்னு கேட்டா, "அம்மா ஏறி வரும்போது அங்க நின்னு சுவத்தைப் பிடிச்சுக்கறாங்க சார், ஒரு நிமிஷம் உக்காரட்டும்னு போட்டேன்"ங்கறான். எந்த அம்மான்னு நான் கேக்கல. எந்த அம்மாவா இருந்தா என்ன, பொது வழியில பொருள் வைக்கக் கூடாது. நாற்காலியை எடுத்துக் கீழ ஸ்டோர் ரூம்ல போட்டேன். மறுநாளே புகார்: "நாற்காலியையும் எடுத்துவிட்டீர்கள்." அவ்வளவுதான், ஒரே வரி. அதே நம்பர், 47. அன்னிக்கே எனக்கு அந்த ஃபெலிக்ஸ் மேல ஒரு கண்ணு விழுந்துச்சு.

மூணாவதுதான் உச்சம். படிக்கிறேன் கேளுங்க. "செயலாளர் யார் பேசினாலும் காது கொடுத்துக் கேட்பதில்லை. ஆனால் இந்தப் பெட்டியில் எழுதினால் மூன்று நிமிடத்தில் பதில் போடுகிறார். முப்பத்தாறு வருடத்தில் எனக்கு இவ்வளவு வேகமாக ஒரு பதில் கிடைத்ததில்லை." பாத்தீங்களா பொய்யை? முப்பத்தாறு வருஷமாம்! இந்தக் கட்டடம் கட்டியே பதினாலு வருஷம்தான் ஆகுது. எனக்குக் கல்யாணம் ஆயித்தான் முப்பத்தாறு வருஷம் ஆச்சு. வாய்க்கு வந்த வருஷத்தை அடிச்சு விடறான்.

சிரிச்சுக்கிட்டே சொல்றேன், ஆனா அன்னிக்கு எனக்கு ரொம்ப வலிச்சுது தம்பி. பதினோரு வருஷம் உழைச்சிருக்கேன். தண்ணி மோட்டாரை விடியக்காலைல நானே இறங்கிப் போய்ப் போடறேன். காது கொடுத்துக் கேக்கறதில்லையாம். யார் அவன்னு கண்டுபிடிக்காம விடறதில்லன்னு முடிவு பண்ணேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை நோட்டை எடுத்துக்கிட்டு வீடு வீடா கிளம்பினேன். "வைஃபை பாதுகாப்பு ஆய்வு"ன்னு ஒரு சர்க்குலர் போட்டுட்டுத்தான். எல்லார் போன்லயும் செட்டிங்ஸைத் திறந்து ஐ.பி. அட்ரஸ் என்னன்னு பாத்துக் குறிச்சேன். என்ன கண்டுபிடிச்சேன் தெரியுமா? ஒண்ணு ஏ ஜம்புலிங்கம் போன்ல 192.168.1.7. ஃபெலிக்ஸ் போன்லயும் அட்சரம் பிசகாம அதே 192.168.1.7. அடுத்த வீட்ல 192.168.1.3, அதுக்கு மேல் வீட்லயும் 192.168.1.3! கட்டடம் பூரா 192.168. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. பதினாறு வீடும் கூடிப் பேசி, என்னை ஏமாத்த ஒரே நம்பரை வச்சிருக்காங்க! கீழயே நின்னு ஜம்புலிங்கத்துக்கும் ஃபெலிக்ஸுக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் எழுதினேன்: "இருவரும் ஒரே முகவரியைப் பயன்படுத்தியது ஏன்?" ஜம்புலிங்கம் எழுபத்தெட்டு வயசு மனுஷன், பாவம், நோட்டீஸை நாலு தடவை திருப்பித் திருப்பிப் படிச்சார். படிச்சதைப் பாத்து எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிப்போச்சு.

சிரிங்க, சிரிங்க. உங்க தொழில் உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்ப யார் சொன்னா?

நாலு சி-ல நஸ்ரீன்னு ஒரு பொண்ணு. ஏதோ கம்பெனிக்கு நெட்வொர்க் வேலை, வீட்லேருந்தே பாக்குது. நோட்டீஸைப் படிச்சுட்டு நேரா இங்க வந்துச்சு. "சார், நீங்க குறிச்சது வீட்டுக்குள்ள இருக்கற நம்பர். ஒவ்வொரு வீட்டு மோடமும் தன்கிட்ட ஒட்டிக்கிற போன், டிவி எல்லாத்துக்கும் தானே ஒரு நம்பர் குடுத்துக்கும், எது யாருன்னு அடையாளம் தெரியறதுக்கு. எல்லா வீட்லயும் சமையக்கட்டு இருக்கற மாதிரி எல்லா வீட்லயும் 192.168 இருக்கும். வெளிய வேற நம்பர். அதைக் கம்பெனி உங்க மோடத்துக்குக் குடுக்குது. வீட்ல யார் எது அனுப்பினாலும் வெளிய அந்த ஒரே நம்பர்லதான் போகும். அதனால புகார்ல இருக்கற நம்பரை வச்சு எந்த வீடுன்னு சொல்லலாம். வீட்ல எந்த ஆள்னு சொல்ல முடியாது." தெளிவான பொண்ணு. சரிம்மா, வெளி நம்பரை எப்படிப் பாக்கறதுன்னு கேட்டேன். ஒரு பக்கத்தைத் திறந்தா அதுவே சொல்லும், முதல்ல உங்க வீட்டு நம்பரைப் பாருங்கன்னு என் போன்லயே திறந்து குடுத்துச்சு.

203.0.113.47.

ஆமா தம்பி. என் வீடு.

அந்தப் பொண்ணு சமையக்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு, "சார், அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்"னு மெதுவா சொல்லிட்டுப் போயிடுச்சு. நெட்வொர்க் படிச்ச பொண்ணு, சௌந்தரத்துக்கிட்டப் போய் என்னத்தைக் கேக்கச் சொல்லுது! எனக்குத்தான் ஒரு நொடியில விளங்கிடுச்சே. எவனோ என் வைஃபையைத் திருடி, என் அட்ரஸ்லேருந்தே என்னைத் திட்டி எழுதறான். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க.

மோடத்தை அணைச்சுப் போட்டேன். வெளி நம்பர் மாறிடுச்சு, 112 ஆயிடுச்சு. தொலைஞ்சான்னு நினைச்சேன். மறுநாள் புகார் 112-லேருந்து வருது! கூடவே மாறிட்டான். பாஸ்வேர்டை மாத்தினேன். இருபத்திரண்டு எழுத்து. எனக்கும் சௌந்தரத்துக்கும் மட்டும்தான் தெரியும். அன்னிக்குச் சாயங்காலமே புகார்! "பாஸ்வேர்டு மிக நீளமாக உள்ளது"ன்னு. இருபத்திரண்டு எழுத்துன்னு வெளியாளுக்கு எப்படித் தெரியும்? ஃபெலிக்ஸ் ஃபிசிக்ஸ் வாத்தியார். அவனுக்கு இதெல்லாம் கைவந்த கலையா இருக்கும்.

இதுல நடுவுல ஒரு கூத்து. நான் புலம்பிக்கிட்டே இருக்கறதைப் பாத்துட்டு சௌந்தரம் எதிர்ல வந்து உக்காந்து டிவியை அணைச்சா. "ஏங்க, அந்த வாத்தியாரைப் போட்டு வதைக்காதீங்க. எழுதினது நான்தான். எல்லாமே நான்தான்." நான் சிரிச்ச சிரிப்புல எனக்குப் புரையேறிடுச்சு. யாரோ ஒருத்தன் மாட்டிக்கக் கூடாதுன்னு பழியைத் தன் தலைல போட்டுக்கறா. தங்கமான மனசு தம்பி, அந்தக் காலத்துலேருந்தே அப்படித்தான். ஆனா நம்பற மாதிரி சொல்ல வேண்டாமா? அவளுக்கு என்ன டைப் அடிக்கத் தெரியும்? கல்யாணத்துக்கு முன்னாடி தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருக்கா, அது வேற விஷயம். அதெல்லாம் அப்ப. பூனாவுலேருந்து எங்க பொண்ணு சிலேட்டு மாதிரி ஒரு டேப் வாங்கி அனுப்பியிருக்கு, அதுல மதியம் பூரா என்னமோ தட்டிக்கிட்டு இருப்பா. சமையல் குறிப்பா இருக்கும். போம்மா, போய் மாத்திரை போட்டுட்டுப் படுன்னு சொல்லி அனுப்பினேன். அப்புறம் டிவியை அவளே போட்டுவிட்டுட்டுப் போயிட்டா.

போன வாரம் கடைசிப் புகார். "பல முறை நேரிலும் எழுத்திலும் சொல்லிப் பார்த்துவிட்டேன். வலி தாங்க முடியவில்லை. லிஃப்ட் விஷயத்தில் இதற்கும் நல்ல பதில் வராவிட்டால் நான் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறேன்." எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? சனியன் விட்டுதுன்னு உடனே பதில் போட்டேன். "தங்கள் முடிவில் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை. விதி பதினாலின்படி சாவியைச் செயலாளரிடம் நேரில் ஒப்படைத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளவும்." எப்படி? சாவி குடுக்க வந்துதானே ஆகணும்? அன்னிக்கு மூஞ்சியைப் பாத்துடலாம். ஒரு வாரமா காத்துக்கிட்டு இருக்கேன். இதுவரைக்கும் எவனும் வரல.

என்ன தம்பி, லிஸ்ட் வந்துடுச்சா? எத்தனை ஒட்டிக்கிட்டு இருக்கு? மூணா? ஒண்ணு என் போன், சரி. ஒண்ணு டிவி. மூணாவதுக்குப் பேர் இல்லையா? வெறும் நம்பர்தானா, 192.168.1.7? அவன்தான்! பிடிச்சீங்க பாருங்க! வீட்ல வேற போனா? அவ போன் பட்டன் போன், அதுல நெட்டே கிடையாது. டேப்பா? அட, அதை ஏன் இதுல சேக்கறீங்க, அது அவளுது. அதெல்லாம் கணக்குலயே வராது. முதல்ல அந்தப் பேர் இல்லாதவனைத் தூக்குங்க. ஏன் தயங்குறீங்க?

இந்தா, காபி வந்துடுச்சு. எடுத்துக்கோங்க தம்பி. என்ன சௌந்தரம், கிளம்பிட்டியா? இவ்வளவு பெரிய பெட்டியா? விசேஷம் எத்தனை நாள்? ...சரி சரி, போயிட்டு போன் பண்ணு. இது என்ன கவரு? சாவியா? எனக்கு எதுக்கு, என்கிட்ட ஒண்ணு இருக்கே. நேர்லதான் குடுக்கணுமா? குடு, வச்சுக்கறேன். இது என்ன காகிதம்? "மூணு ஏ வீட்டுச் சாவி பெற்றுக்கொள்ளப்பட்டது"... ஒப்புகை! தம்பி, பாத்தீங்களா? தேதி, வீட்டு எண், கையெழுத்துக்கு இடம், எல்லாம் கச்சிதமா எழுதியிருக்கா. முப்பத்தாறு வருஷத்துல இன்னிக்குத்தான் தெரியுது, நான் பேசினதையெல்லாம் இவ கவனிச்சிருக்கான்னு. குடு பேனாவை. தாயுமானவன், செயலாளர். போட்டாச்சு. சந்தோஷமா போயிட்டு வா.

பெட்டியை யார் தூக்குவா? நான் இவர்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கேனே. நாலு மணி வரைக்கும் இருந்தின்னா லிஃப்ட்டு போட்டுடுவேன்... பஸ் போயிடுமா? யாரது வாசல்ல? ஃபெலிக்ஸா? என்ன சார், நீங்க தூக்கறீங்களா? பரவாயில்லையே! தம்பி, இந்த ஆள் மூஞ்சியைப் பாத்துக்கோங்க. நோட்டீஸ் போனதும் எப்படி வந்து பெட்டி தூக்குறான் பாத்தீங்களா? குத்தம் பண்ணவன் குழைவான். அந்த நாற்காலியை வேற ஸ்டோர் ரூம்லேருந்து எடுத்துட்டு வந்திருக்கான் போல, திருப்பத்துல கிடக்கு. போகட்டும், இன்னிக்கு ஒரு நாள் விட்டுடறேன். பாத்து இறங்கு, சௌந்தரம்! கைப்பிடியைப் பிடிச்சுக்கோ!

திரும்பிக்கூடப் பாக்கல. பஸ் அவசரம்.

ஆங், நீங்க சொல்லுங்க தம்பி. காபி சரியா இருக்கா? எனக்கும் ஃபிளாஸ்க்ல ஊத்தி வச்சுட்டுப் போயிருப்பா. என்ன? என்ன சொன்னீங்க? மூணாவது போயிடுச்சா? தானாவா? நீங்க எதையும் தொடலயே? இப்பத்தானா, இந்த ரெண்டு நிமிஷத்துக்குள்ள? பயந்துட்டான் தம்பி! நீங்க வந்து உக்காந்ததைப் பாத்து ஓடிட்டான்! லிஸ்ட்டை இன்னொரு தடவை காட்டுங்க. என் போன், டிவி. அவ்வளவுதான். வேற யாருமே இல்ல.

வேற யாருமே இல்ல.

என்ன தம்பி ஒரு மாதிரி பாக்குறீங்க, வேலை முடிஞ்சுதில்ல? அட்ரஸ் மாத்தவே தேவையில்ல, விட்டுடுங்க. இதுவே இருக்கட்டும். உங்க ரிப்போர்ட்டு புக்கை எடுங்க. புகார் சரி செய்யப்பட்டதுன்னு எழுதுங்க. எழுதுங்க, ஏன் பேனாவைக் கைல வச்சுக்கிட்டு நிக்குறீங்க? கீழ ஒரு கட்டம் இருக்கே, வாடிக்கையாளருக்குத் திருப்தியான்னு, அதுல டிக் போடுங்க. குடுங்க, டிக்கும் கையெழுத்தும் நானே போடறேன். இன்னிக்கு ரெண்டாவது கையெழுத்து.